இடப்பக்கத் தொட்டி

ஷைனி ஒரு முழு உல்லாசப் படகை வரைந்து முடித்த நாள்வரை எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. அலுவலகத்தில் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிறார்கள், அட்டைப்பெட்டி மடிக்கிறார்கள், கார் உதிரிகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள். கடல் கிழக்கே எங்கேயோ இருக்கிறது. அந்தப் புழுதிக்கு நடுவே ஒரு ஷெட்டில் படகு கட்டுகிறார்கள் என்றால் ஷேர் ஆட்டோக்காரரே நம்பவில்லை. "படகா? இங்கயா? ஏம்மா, லாரிக்கு பாடி கட்ற ஷெட்டச் சொல்றியா?" என்று கேட்டார்.

அந்த ஷெட்டில் முன்பு ஃபைபரில் தண்ணீர்த் தொட்டியும் பஸ்ஸின் முன்முகமும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் ரகுராம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, மணியடிக்கப் போகாமல் ஃபைபர் தொழிலுக்கு வந்துவிட்டவர். மீன்பிடிப் படகுகளைச் செய்து பழகிய பிறகு, முதன்முறையாக ஐம்பத்தைந்து அடி நீளத்தில் ஒரு உல்லாசப் படகுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் ஷைனியை எடுத்தார்.

ஷைனியின் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பா எட்வர்ட் சின்ன வயதில் ஆரணிப் பக்கம் களை பறித்தவர். இப்போது கம்பி உருட்டும் ஆலையில் லாரிக்குக் கட்டு ஏற்றுகிறார். கவுன்சலிங் திரையில் கட்டணம் தாங்கக்கூடிய இடமாகக் கடைசியில் மிஞ்சியிருந்தது கப்பல் வடிவமைப்பு. எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் அவள் அம்மா ஹெலனிடம், "கப்பல் படிப்பா? அப்ப ஃபாரின்தான்" என்றார்கள். படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடம் அவள் கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போகவில்லை. கேள்வி மட்டும் மாறியது: "கப்பல் இன்னும் வர்லியா?"

வேலை கிடைத்தபோது ரகுராம் சொன்னது ஒன்றுதான். "இப்போதைக்கு ட்ரெய்னிதான். படகு நல்லபடியா தண்ணில இறங்கட்டும், உன்னை நிரந்தரமாக்கிடறேன்." கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை மட்டும் உடனே கிடைத்தது. அதில் 'வடிவமைப்புப் பொறியாளர்' என்று இருந்தது. ஹெலன் அதை மகள் கழுத்தில் போட்டுப் படம் எடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். அன்றிலிருந்து ஷைனி, அட்டையில் போட்டிருப்பது தான்தானா என்று ரயிலில் ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்துக்கொள்வாள்.

வேலை என்னவோ பிடித்திருந்தது. வெளிநாட்டுப் படகுகளின் புத்தகங்களைப் புரட்டினால் வெள்ளைத் தோல் சோஃபாவும் தரைவரை கண்ணாடியும்தான். அந்தக் கண்ணாடியை இந்த வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு மேலே விதானத்தை நீட்டினாள். மேஜை விளிம்பெல்லாம் விரல் உயரத்துக்குச் சட்டம் எழுப்பினாள், அலையில் தட்டு வழுக்காமல் இருக்க. கட்டிலுக்குக் கீழே இழுப்பறை, படிக்குக் கீழே அலமாரி, சோஃபாவுக்குள் போர்வைப் பெட்டி. ஒரே அறையில் நான்கு பேர் படுத்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் தானாக வந்தது. எவ்வளவு பணக்காரப் படகானாலும் உள்ளே இடத்துக்கு அடித்துக்கொள்வதுதான் கதை என்று அவளுக்குள் ஒரு சிரிப்பு.

படகின் சொந்தக்காரர் சுதர்சனம். ஆரம்பாக்கம் பக்கம் இறால் பண்ணைகள் வைத்திருக்கிறார். அவருக்குப் படகும் வீடுதான். செருப்போடு யாரும் ஏறக்கூடாது, ஏறுகிற இடத்திலேயே கால் கழுவக் குழாய் வேண்டும் என்றார். ஷைனி பின்பக்கப் படியோரம் அழகாக ஒரு குழாய் வைத்தாள். பிறகுதான் அவர் சமையலறைப் பேச்சுக்கு வந்தார்.

"சமையல் அக்னி மூலைல இருக்கணும். மேடை கருங்கல்லு. கீழ தரையும் கல்லு. என் ஊட்ல எப்படியோ அப்படி."

படகு அப்போது ஷெட்டில் கிழக்கு வாசலைப் பார்த்து நின்றது. தென்கிழக்கு என்றால் முன்பக்கம், வலது ஓரம்.

ரகுராம் தயங்கித் தயங்கி, "சார், படகு திரும்பும். இன்னிக்குத் தென்கிழக்கா இருக்கறது நாளைக்கு வடமேற்கா ஆயிடும்" என்றார்.

சுதர்சனம் யோசிக்கவே இல்லை. "மனுசன்கூடத்தான் திரும்புறான் நைனா. பொறந்தப்போ எழுதுன ஜாதகம் மாறுதா? இந்தப் படகு பொறக்குற எடம் இந்த ஷெட்டு. இங்க அது கெழக்கப் பாத்துக்கினு கீது. அதான் கணக்கு."

கணினித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஷைனியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கல் வந்தது. கல்லோடு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜும் பெரிய கிரைண்டரும் வந்தன. கணினியில் எல்லா எடையையும் ஏற்றியபோது படகு வலப்பக்கம் சாய்ந்தது. ரகுராம், "கல்லு வேண்டாம்னு நான் சொல்ல முடியாது. நீ ஏதாவது பண்ணு" என்றார்.

இரண்டு நாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு யோசனை. நடுவில் இருந்த நல்லதண்ணீர்த் தொட்டியை முழுதாக இடப்பக்கம் நகர்த்தினாள். படகு நிமிர்ந்தது. ரகுராம் கை தட்டினார். "கல்லுக்குத் தண்ணி சரியாப் போச்சு! இதுக்குத்தான் படிச்சவா வேணுங்கறது."

தொட்டி காலியானால் என்ன ஆகும் என்று அன்று மாலை ஒருமுறை போட்டுப் பார்த்தாள். படகு வலப்பக்கம் சரிந்தது. ஆபத்தான அளவு என்று சொல்ல முடியாது. மேல்தளத்தில் ஆட்கள் நின்றால்? அதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் இந்த அளவுத் தொட்டிக்குப் பன்னிரண்டு பேர், மூன்று நாள் என்றிருந்தது. ஒரே நாளில் தொட்டியை யார் காலி செய்யப் போகிறார்கள்? கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். ஆனால் அணைத்துவிட்டது அவளுக்கு மறக்கவில்லை. சோறு பிசையும்போது, ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும்போது, திடீரென்று அந்தச் சாய்ந்த படம் வந்து நிற்கும்.

கழிமுகத்து ஓரம் ஒரு தனியார் படகுத்துறையில் வியாழக்கிழமை கிரேன் வைத்துப் படகை இறக்கினார்கள். லாரித் தண்ணீரால் தொட்டியை நிரப்பினார்கள். படகு சாமியறைக் குத்துவிளக்கு மாதிரி நேராக நின்றது. ஷெட்டில் ஃபைபர் வார்ப்பவர்களுக்குத் தலைவரான லோகு, கல்மேடைமேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது அசையவில்லை.

"பாத்தியா மேடம்? கூப்ட்டாக்கூட வராது" என்றார்.

ஷைனி முதன்முதலாகத் தண்ணீரில் நிற்கும் படகில் ஏறியது அன்றுதான். காலுக்குக் கீழே தரை லேசாக மூச்சு விட்டது. கைப்பிடியை விடாமல் நின்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜை. ரகுராமின் சித்தப்பா தேசிகன் வந்து கலசம் வைத்தார். "வண்டின்னா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதுக்கு எங்கேடா வைக்கறது?" என்று ரகுராமிடம் கேட்டு, கடைசியில் கல்மேடையிலேயே நாலு பழத்தை வரிசையாக வைத்தார்.

பிறகு வேன்கள் வந்தன. குடும்பத்தோடு வருகிறேன் என்று சுதர்சனம் சொல்லியிருந்தார். குடும்பம் என்றால் ஏழெட்டுப் பேர் என்று ரகுராம் நினைத்திருந்தார். வேனிலிருந்து சம்பந்திகள் இறங்கினார்கள், பங்காளிகள் இறங்கினார்கள், பண்ணை மேஸ்திரிகள், வீடியோக்காரர், இட்லிக் குண்டான்கள், குடிதண்ணீர்க் கேன்கள். கழிமுகத்தில் நீர் வற்றிய நேரம்; துறைக்கு வரும் வழியெல்லாம் கறுப்புச் சேறு. எல்லோர் காலிலும் கணுக்கால்வரை சேறு. ஷைனி வைத்த அழகான குழாய் முன்னால் வரிசை நின்றது.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, வெள்ளைத் தரை!" என்று சுதர்சனத்தின் மனைவி நின்று பார்த்துக்கொண்டார். "கொலுச கழட்டிக் கழுவும்மா. அவசரமில்ல, தண்ணி நெறைய கீது."

தரைக்கு அடியில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. ஷைனி அது நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. கழிவறைக் குழாய்களும் திறந்துகொண்டன. சபையில், கல்யாண வீட்டில், கை கழுவுகிற தண்ணீர் தெருவரை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பன்னிரண்டு பேர், மூன்று நாள் என்று எவனோ எழுதியதை நம்பி, தன் ஊர் எப்படித் தண்ணீர் செலவழிக்கும் என்பதை மறந்துவிட்டாள். அளவுகாட்டியில் முள் பாதிக்குக் கீழே போயிருந்தது.

லோகுவைத் தேடி ஓடினாள். "அண்ணே, லாரி எங்க?"

"நேத்தே போய்ட்டான். இன்னா ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"தொட்டிய ரொப்பணும். உடனே."

"துறைல ஒரு பைப்பு கீது, அதுல காத்துதான் வருது."

வேறு வழி தெரியாமல் பம்பின் சுவிட்சை அணைத்தாள். அடுத்த நிமிடமே, "தண்ணி வர்ல!" என்று குரல்கள். ரகுராம் வேகமாக வந்து சுவிட்சைப் போட்டார். "இன்னிக்குப் போய் மானத்தை வாங்காதே, ஷைனி."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் படகு நல்லபடியாக இறங்கவில்லை என்று ஆகிவிடும். அட்டை கழுத்தில் உறுத்தியது.

வீடியோக்காரர் மேல்தளத்திலிருந்து கத்தினார். "எல்லாரும் மேல வாங்க! ஒரு குரூப்பு! கடல் தெரியிற பக்கமா நில்லுங்க!"

கடல் தெரிகிற பக்கம் வலப்பக்கம்.

படியில் கூட்டம் ஏறியது. ஷைனி சமையலறையில் இருந்தாள். மேடைமேல் முதல் பழம் அசைந்தது. பிறகு நாலும் சேர்ந்து வலப்பக்கம் உருண்டு, அவள் எழுப்பிய சட்டத்தில் டக்டக்கென்று மோதி நின்றன. ஒரு எவர்சில்வர் டம்ளர் சட்டத்தையும் தாண்டி விழுந்தது. மேலே "ஓ..." என்று சிரிப்பு, ஊஞ்சல் என்று நினைத்தார்கள் போலும். படகு நிமிர வந்தது. ஆனால் சோம்பேறித்தனமாக, யோசித்து யோசித்து வந்தது. சட்டென்று நிமிர்கிற படகு நல்ல படகு, மெல்ல நிமிர்கிறதுதான் கவிழும் என்று வகுப்பில் சொன்னது அவள் காதில் இரைந்தது.

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஆபத்து என்று கத்தினால் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக மறுபக்கம் ஓடுவார்கள். அது இதைவிட மோசம்.

"கொஞ்சம் கொஞ்சம் பேரா கீழ எறங்குங்க... ப்ளீஸ்..."

பட்டு வேட்டிக்காரர் ஒருவர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "யாரும்மா நீ? கேட்டரிங்கா?"

அவள் கழுத்து அட்டையைப் பிடித்துத் துப்பட்டாவுக்குள் தள்ளினாள்.

"ஆமாங்க, கேட்டரிங்குதான். கீழ நாஷ்டா போட்டாச்சு. வடை கொஞ்சந்தான் கீது, முதல் பந்திக்கே காலியாயிடும். பெரியவங்க முதல்ல வாங்க, ஒவ்வொருத்தரா."

"வடை இன்னாது, மெதுவடையா?"

"மெதுவடைதாங்க. சூடா கீது."

அவர் முதலில் இறங்கினார். அவர் பின்னால் அவர் மனைவி. பிறகு மேஸ்திரிகள். வீடியோக்காரர், "அட, இருங்க சார், ஒரு ஷாட்டு!" என்று கெஞ்சிக்கொண்டிருக்க, மேல்தளம் காலியானது. கடைசியில் அவரும் கேமராவை மூடிக்கொண்டு இறங்கினார்.

கீழே லோகு கேள்வி கேட்காமல் அவள் கைகாட்டிய இடமெல்லாம் இடப்பக்கமாகவே இலை போட்டார். தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி இடப்பக்கச் சுவரோரம் அடுக்கினார். "இன்னா மேடம், கேன் அடுக்குற வேலைக்கும் ட்ராயிங் கீதா?" என்று மூச்சு வாங்கினார். பழங்கள் மெல்ல நடுவுக்கு உருண்டு வந்தன. யாரும் கவனிக்கவில்லை. சட்னி கேட்டார்கள்.

தப்பித்தாகிவிட்டது. அவளும் ரகுராமும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. ரகுராமுக்கு அவள் முகத்திலிருந்தே புரிந்திருந்தது. ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டார். அவள் சொன்னாள். காலியான தொட்டி, கல், மேலே ஏறிய ஆட்கள், எல்லாம். அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"சாப்டதும் ஒரு ரவுண்டு கடலுக்குப் போகணுங்கறார் சுதர்சனம். கேன் இருக்கே, சமாளிச்சுப் போயிட்டு வந்துடலாம். மேல ஏறாம பாத்துக்கோ. திங்கட்கிழமை சரி பண்ணிக்கலாம். இப்போ வாயைத் திறக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார், அவளைப் போலவே. அவள் தலையாட்டினாள். தலையாட்டும்போதே முதல் பந்தி எழுந்தது. கை கழுவக் குழாய்க்குப் போனார்கள். தரைக்கடியில் பம்பு மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு இட்லி தின்கிற நேரம்தான் அவள் வாங்கியிருந்தது. தொட்டியில் மிச்சமிருப்பதும் போய்விடும். பிறகு கடல். கடலில் வைத்து அந்தக் கூட்டத்தை எந்த வடையைக் காட்டி இறக்குவது?

சுதர்சனம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"சார், இன்னிக்குக் கடலுக்குப் போக வேணாம்."

அவர் நிமிர்ந்தார். "நீ கேட்டரிங்குப் பொண்ணுதானே?"

"இல்ல சார்." அட்டையை வெளியே எடுத்தாள். "படகை வரைஞ்சது நான்தான். கல்லுக்கு ஈடா இடப்பக்கம் தண்ணி வெச்சேன். தண்ணி செலவாகும்னு நெனக்கல. தொட்டி காலியாயிடுச்சு, மேல கூட்டம் ஏறுனா படகு சாயும். என் தப்பு. சரி பண்ண முடியும். இன்னிக்கு முடியாது."

பக்கத்து இலைகளில் மெல்லும் சத்தம் நின்றது. ரகுராம் கதவருகே சிலையாக நின்றார். சுதர்சனத்தின் முகத்தில் கோபம் ஏறுவதும், சுற்றியிருக்கும் சம்பந்திகளைக் கண்கள் ஒருமுறை தடவுவதும் அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப அந்த ஊஞ்சல்..."

"ஊஞ்சல் இல்ல சார்."

அவர் இலையை மூடினார். சமையலறை வாசலில் நின்ற தேசிகன் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னார். "பேச்சுல கவனிக்கலை பாருங்கோ. வெள்ளிக்கிழமை, ராகு காலம் வந்துடுத்து. முதல் பயணம் இப்போ வேண்டாம்."

சுதர்சனம் அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? சாமியே சொல்லிட்டாரு. இன்னொரு நாள் போலாம். பாயசம் சாப்ட்டு எறங்குங்க, ஒவ்வொருத்தரா." எழுந்து போகும்போது ரகுராமிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "கல்ல எடுக்க உடமாட்டேன் நைனா. மத்தத நீ பாத்துக்க."

அன்று வீட்டில் ஹெலன் கேட்டாள். "இன்னாடி, நிரந்தரம் ஆயிடுச்சா?"

"படகே இன்னும் நிக்கலம்மா" என்றாள் ஷைனி. ஹெலன் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை அவள் பேசாமல் வேலைக்குப் போனாள். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ரகுராம் அவள் மேஜையருகே நிற்காமல் நடந்துகொண்டே பேசினார். தொட்டி நடுவுக்கு வர வேண்டும், கல்லுக்கு ஈடாக அசையாத எடை எதையாவது இடப்பக்கம் வை, மற்றதைப் பிறகு பேசலாம். அந்தப் 'பிறகு' அவள் கூடவே படகின் அடிவயிற்றுக்குள் இறங்கியது. பேட்டரிகளை எல்லாம் இடப்பக்கம் கொண்டுபோக இடம் தேடி, டீசல் வாடையில் மல்லாந்து படுத்து, டேப் பிடித்து அளந்தாள். திரையில் போதுமென்று தோன்றிய இடத்தில் ஒரு ஆளின் முழங்கை நுழையவில்லை. பேட்டரியை மாற்ற வருகிறவன் எப்படி நுழைவான் என்று அதையும் யோசித்து மறுபடி வரைந்தாள். நிரந்தரமாக்காமல் அனுப்பிவிட்டால்கூட, அடுத்து வருகிறவளுக்கு இதாவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

எல்லாம் முடிந்த அன்று துறையில் தொட்டியை நிரப்பவில்லை, காலி செய்தாள். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள். பம்பு ஓடி ஓடி, கடைசியில் காற்றை இழுக்கிற வறண்ட சத்தம் வந்தது. கல்மேடைமேல் ஒரு எலுமிச்சம்பழம்.

ரகுராமும் லோகுவும் ஷெட்டிலிருந்து வந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார்கள். "எல்லாரும் வலப்பக்கம்! ஃபோட்டோக்கு நிக்கிற மாதிரி சிரிங்கடா!" என்று லோகு விரட்டுவது கேட்டது. காலடிகள் அவள் தலைக்குமேல் நகர்ந்தன. படகு கொஞ்சம் சாய்ந்தது. பழம் ஒரு விரற்கடை உருண்டது. லோகு கை தட்டினார். எல்லோரும் நடுவுக்கு வந்தார்கள். பழம் உடனே, யோசிக்காமல், திரும்பி வந்தது.

மேலேயிருந்து ரகுராம் படியில் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்னாச்சு?"

"இன்னொரு தடவ சார்."

"சரியா இருக்கா, இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவ பாத்துடலாம்."

அவர் சலித்துக்கொண்டார். "ஒவ்வொரு படகுக்கும் இப்படியேதான் உயிரை வாங்குவியா?" என்று முனகிவிட்டு மேலே ஏறினார்.

ஒவ்வொரு படகுக்கும். அவள் அந்தச் சொல்லை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபத்தில் தவறி வந்த சொல்லாகவும் இருக்கலாம். மேலே காலடிகள் மறுபடி வலப்பக்கம் நகரத் தொடங்கின. அவள் பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.